எந்தத் தாள் வெளியே வர வேண்டும்?

தேயிலைத் தோட்ட ஒபிசுக்குப் புதுக் கம்பியூட்டர் போய்ச் சேர்ந்தால் ஓரிரு நாளில் கடைக்குக் கோல் வரும். "தம்பி, மிசின் நல்லாத்தான் இருக்கு, ஆனா செக்ரோல் திறக்குதில்லையே." இலங்கை மலையகத்தில், ஹட்டனில் கம்பியூட்டர் திருத்தும் வேலைக்கு வந்த நாள் முதல் டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கமிருந்து அதிகம் கேட்ட வசனம் இதுதான். இடி விழுந்து போன ரவுட்டர், ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த கீபோர்ட் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யார் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்தார், முழுப்பேரா அரைப்பேரா (முழு நாள் சம்பளமா அரை நாளா), எத்தனை கிலோ கொழுந்து, ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு எவ்வளவு பிடிபட்டது, முற்பணம், சங்கச் சந்தா என்று ஒரு தொழிலாளியின் கணக்கு முழுவதும் செக்ரோலில்தான் இருக்கும். 1992 இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, பெரிய லெட்ஜரில் இருந்த இந்தக் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பியூட்டருக்கு ஏறியது. நான் பார்த்ததில் பழையவை விண்டோசுக்கு முந்திய டோஸில் ஓடும் ஃபொக்ஸ்புரோ, கிளிப்பர் புரோகிராம்கள். அதற்கு அடுத்தவை விஷுவல் பேசிக் 6 இல் எழுதி, அக்சஸ் கோப்பில் சேமிப்பவை. எழுதிக் கொடுத்தவர் எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான், கனடாவுக்குப் போய்விட்டார்.

"இதைத் தூக்கிப் போட்டுவிட்டு புதுசு ஒன்று வாங்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வருவது சுலபம். விற்றால் கடைக்கும் நாலு காசு வரும். ஆனால் அந்தப் பழைய கோப்புக்குள் ஒரு பெண் எந்த வருசம் பேர் பதிந்தாள் என்பது இருக்கிறது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். அவள் விலகும்போது அந்த வருடங்களை எண்ண வேறு ஆதாரம் இல்லாத தோட்டங்களும் உண்டு, ஏனென்றால் லெட்ஜரைக் கறையான் தின்றிருக்கும், இல்லாவிட்டால் மழை ஒழுகி ஊறிப் போயிருக்கும்.

சரி, ஏன் திறக்காது? டோஸ் புரோகிராம் 16 பிட். 32 பிட் விண்டோசுக்குள் என்டிவிடிஎம் என்று ஒரு பகுதி இருந்து, டோஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பழைய புரோகிராமை நம்ப வைத்தது. 64 பிட் விண்டோசில் அது கிடையாது. புரொசசரே 64 பிட் நிலைக்குப் போனபின் பழைய 8086 சிப் போல நடந்துகொள்ளும் முறையை விட்டுவிடுகிறது. அதனால்தான் கொம்பாட்டிபிலிட்டி என்ற பக்கத்தில் எதை டிக் பண்ணினாலும் ஒன்றும் நடக்காது. அது புரோகிராமிடம் விண்டோசின் பதிப்பை மாற்றிச் சொல்வது போன்ற சின்னச் சின்னப் பொய்களுக்கு மட்டும் உதவும். விண்டோஸ் 10 இல் 32 பிட் பதிப்பு இருந்தவரை அதைப் போட்டு என்டிவிடிஎம்மை இயக்கிவிட்டுக் காலத்தை ஓட்டினோம். 2021 இல் வந்த விண்டோஸ் 11 க்கு 32 பிட் பதிப்பே இல்லை. விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது இரண்டு வழி. ஒன்று, டோஸ் போல நடிக்கும் டோஸ்பாக்ஸ் மாதிரியான ஒன்றுக்குள் ஓட்டுவது. டோஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காகச் செய்தது, ஒபிஸ் வேலைக்கு விடோஸ் பொருத்தம். மற்றது, மிசினுக்குள்ளேயே இன்னொரு மிசினை உண்டாக்கும் வர்ச்சுவல்பாக்ஸில் பழைய விண்டோஸ் எக்ஸ்பியையே போட்டு, அதன் நெட்வேர்க்கைக் கழற்றி வைப்பது. எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 இலேயே நின்றுவிட்டன, அதை இன்டர்நெட்டில் திறந்து வைப்பது சரியான முட்டாள்தனம்.

இந்த அளவுக்குத் தேடிப் படித்தால் யாரும் செய்துவிடலாம். புரோகிராம் திறப்பதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் பிரச்சினை. திறப்பதற்கு முன் நான் இப்போது கேட்கும் கேள்வி, "ஐயா, கடைசியில் இதிலிருந்து எந்தத் தாள் வெளியே வரணும்?" சிலருக்குச் சம்பளத் துண்டு. சிலருக்கு ஈபிஎஃப் விபரம். இன்னும் சிலருக்குத் தாளே வேண்டாம், பழைய சேவைக்காலத்தைத் தேடிப் பார்த்தால் போதும். மூன்றுக்கும் செய்யவேண்டிய வேலை வேறு வேறு.

ஒரு தோட்டத்தில் விடோஸ் போட்டுத் திறந்து காட்டியதும் பெரிய கிளாக்கர் ஐயாவுக்கு ஏகப்பட்ட சந்தோசம். அதே நீலத் திரை, அதே மஞ்சள் எழுத்து மெனு. "எங்க, ஒரு துண்டு அடிச்சுக் காட்டுங்க தம்பி" என்றார். அங்கேதான் உண்மையான வேலையே தொடங்கியது. பழைய புரோகிராமுக்குப் பிரிண்டர் என்றால் எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் சொக்கெட் மட்டும்தான் தெரியும். புது மிசினில் அந்த அகலமான சொக்கெட்டே இல்லை. எப்சன் எல்கியூ-300 ஐ யூஎஸ்பி மாற்றுக் கேபிளில் பூட்டினால் விண்டோசுக்கு அது வேறொரு பெயரில் ஒரு பிரிண்டர், அவ்வளவுதான். எல்பிடி1 க்குப் போவதைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். தாள் வந்தது, ஆனால் ஒவ்வொரு துண்டின் தலையிலும் சின்னதாக ஒரு சூரியன். எழுத்தெல்லாம் பெருத்து, வலது ஓரத்தில் வரவேண்டிய கைச்சம்பளம் அடுத்த வரிக்கு ஓடியிருந்தது.

சூரியன் எங்கிருந்து வந்தது? எழுத்தைச் சுருக்கி அடி என்று எப்சன் பிரிண்டருக்குச் சொல்லும் கட்டளை 15 ஆம் இலக்கக் குறி. டோஸின் எழுத்து அட்டவணையில் அதே 15 க்கு ஒரு சூரியப் படம். கட்டளையாகப் போகவேண்டியதை நடுவில் விண்டோஸ் டிரைவர் பிடித்து, எழுத்து என்று நினைத்து, படமாக வரைந்துவிட்டது. டிரைவர் குறுக்கே வராமல் பைட்டுகள் அப்படியே பிரிண்டருக்குப் போகும்படி வைத்ததும் சூரியன் காணாமல் போனது, சம்பளமும் தன் கட்டத்துக்குத் திரும்பியது. ஐயா அதோடு விடவில்லை. போன மாதத் துண்டொன்றைப் புதியதன் மேல் வைத்து, இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வரிக்கு வரி பொருந்துகிறதா என்று பார்த்தார். எனக்கு அந்தச் சோதனை பிடித்திருந்தது. துண்டில் ஒரு ரூபாய் இடம் மாறி நின்றாலும் சம்பள நாளன்று ஒபிஸ் ஜன்னலில் பதில் சொல்லப் போகிறவர் அவர்தானே.

விஷுவல் பேசிக் புரோகிராம்கள் இதைவிடச் சூழ்ச்சிக்காரர்கள், ஏனென்றால் அவை விண்டோஸ் 11 இலும் பெரும்பாலும் திறந்துவிடும். திறந்துவிட்டுத் தப்பாக வேலை செய்யும். ஓரிடத்தில் இரண்டு கிளாக்கர்மார் ஒரே மிசினைத் தங்கள் தங்கள் லொக்-இன்னில் பாவித்தார்கள். காலையில் ஒருவர் ஏற்றிய கொழுந்துக் கணக்கு பின்னேரம் மற்றவருக்குத் தெரியவில்லை. பேச்சு வளர்ந்து, அழித்தது யார் என்ற அளவுக்கு வந்துவிட்டது. யாரும் அழிக்கவில்லை. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் சாதாரண ஆள் எழுத முடியாது. பழைய புரோகிராம் அங்கே எழுதப் போனால் விண்டோஸ் சத்தமில்லாமல் அதை வர்ச்சுவல் ஸ்டோர் என்ற இடத்துக்குத் திருப்பிவிடும், அதுவும் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக. ஆக இரண்டு பேரிடமும் இரண்டு செக்ரோல் வளர்ந்துகொண்டிருந்தது. புரோகிராமை சி டிரைவில் வேறொரு ஃபோல்டருக்கு மாற்றி, இரண்டு கோப்பையும் ஒப்பிட்டு ஒன்றாக்கினோம்.

திகதியும் இப்படித்தான். புது மிசினில் விண்டோஸ் அமெரிக்கத் திகதி முறையோடு வந்திருக்கும், மாதம் முன்னால், நாள் பின்னால். 13 ஆம் திகதியிலிருந்து எல்லாம் சரியாகத் தெரியும், ஏனென்றால் 13 வது மாதம் என்று ஒன்று இல்லாததால் புரோகிராம் தானே புரட்டிப் படித்துக்கொள்ளும். முதல் 12 நாளில், நாளும் மாதமும் ஒரே எண்ணாக வரும் ஒரு நாளைத் தவிர, மற்றதெல்லாம் வேறு மாதங்களுக்குள் போய் உட்கார்ந்துவிடும். மாத நடுவில் யாராவது சோதித்துப் பார்த்தால் ஒரு பிழையும் தெரியாது.

சில இடத்தில் ஓட்டிக் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். ஒரு பழைய புரோகிராமில் நாட்சம்பளத்துக்கு விட்டிருந்த கட்டத்தில் தசமத்துக்கு முன்னால் மூன்று இலக்கம்தான் அடிக்கலாம். எழுதியவரைக் குறை சொல்ல முடியாது, நாட்சம்பளம் ஆயிரத்தைத் தாண்டும் என்று அந்தக் காலத்தில் யார் நினைத்தது? 2021 இல் ஆயிரம் ரூபாய் வந்தபோது அது 900 அடிப்படைச் சம்பளம், 100 வரவு செலவு நிவாரணக் கொடுப்பனவு என்று இரண்டாகப் பிரிந்து வந்ததால் தப்பியது. 2024 இல் 1350 ஆனதும் கட்டம் மறுத்துவிட்டது. "900 ஐ இதில் போட்டு, மிச்சம் 450 ஐ ஊக்கக் கொடுப்பனவில் போடலாமே" என்று ஒரு யோசனை வந்தது. அந்தப் புரோகிராம் ஊக்கக் கொடுப்பனவுக்கு ஈபிஎஃப் கணக்குப் பார்ப்பதில்லை. அப்படிப் போட்டால் தோட்டம் கட்டவேண்டிய 12 வீதத்தில் மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 54 ரூபாய் காணாமல் போகும். எந்த விண்டோசைப் போட்டாலும் இந்தப் பிழையைத் திருத்த முடியாது. அங்கே புதுப் புரோகிராம்தான் என்று சொல்லிவிட்டேன், பழையது பார்ப்பதற்கு மட்டும் வர்ச்சுவல்பாக்ஸில் இருக்கிறது.

இப்போதெல்லாம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் வேறு எதையும் தொடுவதற்கு முன் அந்த ஃபோல்டரை முழுதாக ஒரு பென் டிரைவுக்குக் கொப்பி எடுத்துவிடுகிறேன். ஃபொக்ஸ்புரோவும் கிளிப்பரும் கணக்கைச் சேமிக்கும் டிபிஎஃப் கோப்புகளை லிப்ரே ஒபிஸ் கல்க் நேராகவே திறக்கும், பழைய புரோகிராம் தேவையில்லை. திறந்து பார்த்தால் பெயர்கள் ஆங்கில எழுத்தில், கட்டத்தின் அகலத்தோடு வெட்டுப்பட்டு நிற்கும். முத்துலெட்சுமியின் கடைசி எழுத்துகள் இருக்காது. அடையாள அட்டையில் பெயர் முழுதாக இருக்கும். ஈபிஎஃப் எடுக்கப் போகும்போது இரண்டு பெயரும் ஒரே ஆளா என்று கடிதம், சத்தியக் கடதாசி என்று அலைய வேண்டி வரும். அதனால் கோப்பைத் திறந்த கையோடு, அறுபதை நெருங்குகிறவர்களின் பெயர்களை ஒரு தாளில் அடித்து பெரிய கிளாக்கரிடம் கொடுத்துவிட்டு வருகிறேன், ஆட்கள் இன்னும் பெரட்டுக்கு வரும்போதே திருத்தி வைக்கட்டும் என்று. சிலர் உடனே செய்கிறார்கள், சிலர் மேசைக் கண்ணாடிக்குக் கீழே செருகி வைக்கிறார்கள்.