பினாங்கிலிருந்து ஒரு பனிக்கால நாட்குறிப்பு

டிசம்பர் 4

மகளும் மாப்பிள்ளையும் இருக்கும் கனடாவின் மாண்ட்ரியாலில் இரவு முழுவதும் பனி கொட்டியிருக்கிறது. நமக்கு இரவு எட்டு என்றால் அவர்களுக்குக் காலை ஏழு. நான் சாப்பிட்டுக் கைகழுவும் நேரத்தில்தான் மாப்பிள்ளை காரை வெளியே எடுக்கிறார். அந்த ஊர் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம் என்பதால் டயர்களை முன்பே மாற்றிவிட்டார்கள்.

டிசம்பர் 7

"ஏபிஎஸ் இருக்கிறது மாமா, கவலைப்படாதீர்கள்" என்கிறார். அவர் இதைச் சொல்லும்போதுதான் எனக்குக் கவலையே கூடுகிறது. ஏபிஎஸ் என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு. சக்கரங்களின் சுழற்சியைச் சென்சார்கள் அளந்துகொண்டே இருக்கும்; ஒரு சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தவுடன், அதற்குப் போகும் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைக் குறைத்து, அது உருளத் தொடங்கியதும் மறுபடி ஏற்றிவிடும்; ஒரு நொடிக்குள் இது பலமுறை நடக்கும். பூட்டிய சக்கரம் ஸ்டீயரிங் சொன்னபடி திரும்பாது, உருளும் சக்கரம் திரும்பும். 1978-இல் பாஷ் நிறுவனம் இதைப் பென்ஸ் காருக்குச் செய்து கொடுத்ததன் முக்கிய நோக்கம் அதுதான். ஈரத் தார்ச்சாலையில் வண்டி சற்று முன்னதாக நிற்பது கூடுதல் இலாபம். பனியில் அந்த இலாபத்தை நம்ப முடியாது.

டிசம்பர் 8

நேற்று காரணத்தை எழுதவில்லை. புதிதாக விழுந்த இளகிய பனியில் ஒரு சக்கரம் பூட்டிக்கொண்டால், அது சறுக்கியபடியே தன் முன்னால் பனியைத் தள்ளிக் குவிக்கும். அந்தக் குவியலே ஆப்பு வைத்ததுபோல வண்டியைத் தடுக்கும். ஏபிஎஸ் சக்கரத்தை உருளவிடுவதால் குவியல் சேராமல் போகிறது. ஆகவே அந்த வண்டி இன்னும் சற்றுத் தூரம் ஓடித்தான் நிற்கும். சரளைக் கல் சாலையிலும் இதே கதைதான். மாப்பிள்ளையிடம் சொன்னேன், சிரித்தார்.

டிசம்பர் 11

விசாவுக்கு அனுப்பிய என் கடவுச்சீட்டு இன்னும் திரும்பி வரவில்லை.

டிசம்பர் 15

தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால், காய்ந்த சாலையில் ஏறத்தாழ 12 மீட்டரில் நிற்கும் வண்டி, இறுகிய பனியில் 40 மீட்டர் வரை போகும். பனிக்கட்டியில் 100 மீட்டரை நெருங்கும். திடுக்கிட்டுக் காலை வைப்பதற்குள் ஓடும் தூரம் தனி. வேகத்தை 30 ஆக்கினால் அந்த 40 மீட்டர் 14 ஆகிவிடுகிறது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

டிசம்பர் 18

மாலையில் பாலேக் பூலாவ் வளைவுகளில் கண் தெரியாத மழை. எங்கள் பழைய புரோட்டான் சாகா காரில் ஏபிஎஸ் கிடையாது. இப்படிப்பட்ட மழையில் பிரேக்கை மிதித்து மிதித்து விடுவதுதான் அக்காலத்துப் பாடம், மகளும் அதில்தான் ஓட்டப் பழகினாள். ஏபிஎஸ் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் அதன் வேலையை நாமே கெடுத்தவர்கள் ஆவோம். அழுத்தமாக மிதி, கால் அடியில் துடித்தாலும் எடுக்காதே என்று செய்தி அனுப்பினேன். "அப்பா, நான் இப்போது ஓட்டுவதே இல்லை" என்று பதில் வந்தது.

டிசம்பர் 23

என் தொல்லை தாங்காமல், ஆளில்லாத வாகன நிறுத்துமிடத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளை ஓட்ட, மகள் இடுப்புப் பட்டையை வயிற்றுக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு தொலைபேசியைக் கீழே நீட்டினாள். கரகரவென்று அரைக்கும் ஓசை எனக்கு இங்கே கேட்டது. முன்னால் வைத்திருந்த அட்டைப்பெட்டிக்கு இப்பால் வண்டி நிற்கவில்லை. ஆனால் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலேயே அதைச் சுற்றி வளைத்துப் போய்விட்டார். "பெடல் காலைத் திருப்பித் தள்ளுகிறது மாமா" என்றார். இப்போது சிரிக்கவில்லை. தூரம் கூடினாலும் பரவாயில்லை, திரும்ப முடிகிற வண்டியே எனக்கு வேண்டும்.

டிசம்பர் 29

ஆனால் திருப்புவதற்கும் டயரின் பிடிதானே வேண்டும்? பிரேக்குக்குப் போனது போக மிச்சம் இருப்பதுதான் திருப்பத்துக்கு. பனிக்கட்டியில் மொத்தமே கொஞ்சம்.

ஜனவரி 6

ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக எரிகிறதாம். சென்சாரில் பனி அடைத்திருக்கலாம், சாலையில் தூவும் உப்பு அரித்திருக்கலாம். சாதாரண பிரேக் வேலை செய்யும், சக்கரம் மட்டும் பூட்டிக்கொள்ளும். இன்றே பட்டறைக்குக் கொண்டுபோகச் சொன்னேன்.

ஜனவரி 7

சென்சாரை மாற்றிவிட்டார்கள். விளக்கு அணைந்தது.

ஜனவரி 13

மகளுக்குப் பிரசவ வலி தொடங்கிவிட்டதாம். அங்கே விடியவில்லை, பனி பெய்கிறது. மாப்பிள்ளை காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடைவெளி விடச் சொல் என்று