தொண்ணூறு நாளைக்கு ஒரு கடவுச்சொல்

ஜூலை 7, திங்கட்கிழமை. ஜூன் மாதத்தில் பிடித்தம் செய்த டி.டி.எஸ். தொகையை, அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரியை, அரசுக்குச் செலுத்தக் கடைசி நாள். ஏழாம் தேதி என்றால் எங்கள் கணக்குப் பிரிவில் எல்லோரும் அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவோம். தவறவிட்டால் மாதத்துக்கு ஒன்றரை சதவீத வட்டி. ஒரே நாள் பிந்தினாலும் அது முழு மாதமாகவே கணக்கில் ஏறும். அன்று காலை, முப்பத்தொரு ஆண்டுகளாக இந்தப் பிரிவில் இருக்கும் அக்கா ஒரு வார விடுப்பு முடிந்து வந்து கணினியைத் திறந்ததும், கடவுச்சொல்லின் காலம் முடிந்துவிட்டது, புதியதை இடுக என்று திரை கேட்டது.

பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இதற்கு முன் வைத்திருந்த இருபத்துநான்கில் எதுவாகவும் இருக்கக் கூடாது. நான்காவது முயற்சியில் ஏற்றுக்கொண்டது. தேநீர் குடித்துவிட்டு வந்து அதே சொல்லை இட்டார். கணக்கு பூட்டப்பட்டுவிட்டது என்றது. உதவி மையத்தைத் தொலைபேசியில் அழைத்தார். உதவிக் கோரிக்கையைக் கணினியில் பதிவதை அங்கே டிக்கெட் போடுவது என்பார்கள்.

“டிக்கெட் போட்டீங்களா மேடம்?”

“டிக்கெட் போடறதுக்கே உள்ள போகணுமே தம்பி.”

அந்தத் தம்பி நல்லவர். என்னுடைய பெயரில் டிக்கெட் போடச் சொல்லிப் பூட்டைத் திறந்துவிட்டார். பத்தே நிமிடத்தில் மறுபடியும் பூட்டிக்கொண்டது. இப்படி மூன்று முறை நடந்தது. அவர் நேரில் வந்து பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. அக்காவின் கைப்பையில் இருந்த அலைபேசியில், அலுவலக மின்னஞ்சல் செயலி பழைய கடவுச்சொல்லையே வைத்துக்கொண்டு சில நிமிடங்களுக்கு ஒருமுறை உள்ளே நுழைய முயன்றுகொண்டிருந்தது. தவறான முயற்சிகள் வரம்பைத் தாண்டியதும் யாரோ திருட வருகிறார்கள் என்று எண்ணி அமைப்பு கணக்கைப் பூட்டியது. சலானுக்கான தொகைகள் எல்லாம் அவருடைய கோப்புகளில் இருந்ததால், மாலை ஆறு மணிக்கு மேல்தான் பணம் செலுத்த முடிந்தது.

அன்று பகலில் அக்கா சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்தது. மூன்றாவது முறை பூட்டிக்கொண்டபோது அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, “எனக்குத்தான் ஞாபகம் தடுமாறுது போல. வயசாயிடுச்சு” என்றார். பத்து ஆண்டுகளுக்கு முந்தைய விலைப்பட்டியலின் எண்ணைக் கேட்டாலும் ஏட்டைப் பார்க்காமல் சொல்லக்கூடியவர் அவர். எனக்கு ஐந்தொகை பார்க்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. அவர் இட்ட சொல் ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் இருந்தது. பிழை அமைப்பினுடையது, ஆனால் திரையில் வந்த செய்தி அவரைத் தன் மீதே ஐயப்பட வைத்தது.

தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற இந்த விதி எங்கிருந்து வந்தது என்று அதற்குப் பிறகு தேடிப் படித்தேன். 1985-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட வழிகாட்டி நூலிலேயே இந்த எண்ணம் இருக்கிறது: ஒரு கடவுச்சொல்லை ஊகித்துக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிட்டு, அதற்குள் அதை மாற்றிவிட வேண்டும். அந்த நூல் அதிகபட்சமாகச் சொன்ன ஆயுள் ஓர் ஆண்டு. பின்னர் 2003-இல் அமெரிக்காவின் தேசிய தரநிலை நிறுவனமான நிஸ்டில் பணியாற்றிய பில் பர் அதன் வழிகாட்டுதலுக்கு எழுதிய எட்டுப் பக்கப் பின்னிணைப்பு, பெரிய எழுத்து, எண், குறி, காலந்தோறும் மாற்றம் ஆகிய பழக்கங்களை உலகெங்கும் அலுவலகங்களில் நிலைநிறுத்தியது. 2017-இல், ஓய்வு பெற்றிருந்த அவரே, தாம் அன்று எழுதியவற்றில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழிடம் கூறினார். அதே ஆண்டில் நிஸ்ட், களவு போனதற்கான சான்று இருந்தாலன்றிக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்று தன் வழிகாட்டுதலைத் திருத்தியது. 2025-ஆம் ஆண்டுப் பதிப்பு அந்த அறிவுரையைத் தடையாகவே மாற்றிவிட்டது. விண்டோஸுக்கான தன் அடிப்படைப் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து மைக்ரோசாஃப்ட் இந்த விதியை 2019-இலேயே நீக்கிவிட்டது.

இந்த விதி தொல்லை மட்டும் தந்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பாதுகாப்புக்காக வந்த அது பாதுகாப்பையே குலைக்கிறது என்பதுதான் என் மனக்குறை. மூன்று மாதத்துக்கு ஒரு புதிய சொல்லை எந்த மனிதரும் புதிதாகப் படைப்பதில்லை. பழையதன் கடைசி எண்ணை ஒன்று கூட்டுவார், அல்லது மாதத்தின் பெயரை மாற்றுவார். 2010-இல் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பயன்பாட்டில் இல்லாத பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கணக்குகளின் பழைய கடவுச்சொற்களை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒருவரின் முந்தைய சொல் தெரிந்தால், 17 சதவீதக் கணக்குகளில் அடுத்த சொல்லை ஐந்தே ஊகங்களுக்குள் கண்டுபிடிக்க முடிந்தது. கணினியை வைத்து உடைத்தால் 41 சதவீதக் கணக்குகள் மூன்று விநாடிக்குள் திறந்துகொண்டன. அதாவது, பழைய சொல்லைத் திருடியவரை வெளியே நிறுத்துவதற்காக வந்த விதி, அவரையே வெளியே நிறுத்தத் தவறுகிறது.

எங்கள் அறையைப் பார்த்தாலே இதற்குச் சான்று கிடைக்கும். சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியின் அட்டைக்குப் பின்புறம் ஐந்து பேருடைய கடவுச்சொற்கள் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. பழையவை அடிக்கப்பட்டு, கீழே புதியவை. கூட்டிப் பெருக்க வருபவர், கூரியர் கொடுக்க வருபவர் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இடம் அது. எழுதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நினைவில் வைக்க முடியாத ஒன்றை வைத்திரு என்று சொன்னால், மனிதர்கள் அதை எங்காவது எழுதித்தான் வைப்பார்கள். ஜூலை 7 மாலையே அந்த அட்டையை நான் கழற்றிக் கிழித்துவிட்டேன், எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான்.

மாற்று வழி ஒன்றும் அரிதானதல்ல. நிஸ்ட் சொல்வது நீளமான தொடர். இடைவெளியையும் உலகின் எந்த மொழி எழுத்தையும் ஏற்பது நல்லது என்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களைக் கோத்து வைத்தால், அக்கா அதை ஆயுள் முழுவதும் மறக்க மாட்டார். எல்லோரும் அறிந்த குறளோ பழமொழியோ ஆகாது, அவை எளிதில் ஊகிக்கத்தக்கவை. சம்பந்தமே இல்லாத சொற்களாக இருக்க வேண்டும். எங்கள் அமைப்போ தமிழ் எழுத்தை ஏற்பதில்லை, பதினாறு எழுத்துக்கு மேலும் ஏற்பதில்லை. அந்தப் பதினாறு என்ற வரம்பு ஏன் என்று நான் கேட்டவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் இரண்டு பக்கக் கடிதமாக எழுதி, கணினிப் பிரிவின் தலைவரிடம் நேரில் கொடுத்தேன். அவர் முழுவதும் படித்தார், மறுக்கவும் இல்லை. ஆனால் ஆண்டுதோறும் வரும் தணிக்கைப் படிவத்தில், “90 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல் மாற்றப்படுகிறதா?” என்ற கேள்வி இருக்கிறது; இல்லை என்று எழுதினால் அதற்கு விளக்கம் கொடுக்க வேண்டியவர் அவர். அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்களிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பேசுவார் என்றே நம்புகிறேன். கடிதத்தின் நகலை அந்தத் தணிக்கை நிறுவனத்துக்கு நானும் அனுப்பியிருக்கிறேன்.

திரும்பி வந்து அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் எந்தத் தாளையும் எடுக்கவில்லை. “ஜூலையில இருபத்துநாலு நாள், ஆகஸ்ட் முப்பத்தொண்ணு, செப்டம்பர் முப்பது. ஆச்சு எண்பத்தஞ்சு. அப்போ அக்டோபர் அஞ்சு, ஞாயித்துக்கிழமை” என்றார். “திங்கக்கிழமை காலையில கேக்கும். செவ்வாய்க்கிழமை ஏழாம் தேதி.”

புதிய நாள்காட்டி அட்டையில் செப்டம்பர் 22-ஐ வட்டமிட்டு, அன்றே மாற்றிவிட வேண்டும் என்று குறித்துக்கொண்டார்.