சிறை இருந்த இடத்தில் ஒரு மகளிர் கல்லூரி

மண்ணடி மெட்ரோ நிலையத்திலிருந்து சரக்கு வண்டிகளுக்கு வழிவிட்டு வடக்கே நடந்தால், ஜார்ஜ் டவுனின் எல்லையாக விளங்கும் பழைய ஜெயில் சாலை வந்துவிடும். பழைய நகர மதிலில் எஞ்சிய துண்டையும் பாரதி மகளிர் கல்லூரியையும் ஒரே நடையில் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே அங்கே சென்றிருந்தேன்.

1758 டிசம்பரில் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை, இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் கருப்பர் நகரத்துக்குள் எளிதாகப் புகுந்து, அங்கிருந்தபடியே ஜார்ஜ் கோட்டையை 1759 பிப்ரவரி வரை முற்றுகையிட்டது. அடுத்த பத்தாண்டுகளில் ஹைதர் அலியின் குதிரைப்படையும் சென்னையை நெருங்கி அச்சுறுத்தவே, கிழக்கிந்தியக் கும்பெனியார் நகரின் வடக்கிலும் மேற்கிலும் பெரும் மதில் எழுப்பினர். அதன் பெரும்பகுதி பின்னர் இடிக்கப்பட்டுவிட்டது. தப்பிய துண்டின் மேல்தான் இன்றைய மாடிப் பூங்கா இருக்கிறது. படியேறி மேலே நின்றபோது, பீரங்கிக்காகக் கட்டப்பட்ட அகலத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடுவதைக் கண்டு மனம் நிறைந்தது. கீழே, மதிலின் உட்புறத்தில் உள்ள வளைவுக் கூரை அறைகளை அவசியம் பார்க்க வேண்டும்.

ஆனால் என்னை அதிகம் நெகிழ்த்தியது கல்லூரிதான். கடனைத் திருப்பித் தர முடியாதவர்களை அடைத்துவைத்த சிறை இருந்த வளாகத்தில், 1964இல் பெண்களுக்கான இந்த அரசுக் கல்லூரி தொடங்கப்பட்டது. கடன் என்ற சொல்லுக்கு அஞ்சி வாழும் குடும்பங்கள் நிறைந்த வடசென்னையில், அதிகக் கட்டணமில்லாத கல்லூரி ஒன்று எட்டும் தொலைவில் இருப்பது எவ்வளவு பெரிய பேறு என்பதை என் அக்காவைப் பார்த்து அறிந்தவன் நான். காசிமேட்டிலிருந்து பேருந்தில் வந்து அங்கே படித்த அவர்தான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. “ஜெயிலு இருந்த எடம்னு தெரியும்டா, ஆனா எங்களுக்கு அதுதான் வெளிய வர்ற வழி” என்று அவர் சொல்வதுண்டு.

பழைய இடங்களை வேலியிட்டுப் பூட்டிவைப்பதைவிட, மக்கள் நாள்தோறும் புழங்கும்படி விடுவதே அவற்றைக் காக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். கல்லூரி வாசலில் அந்தச் சிறையின் வரலாற்றைத் தமிழில் விரிவாக எழுதிவைத்தால், உள்ளே நுழையும் ஒவ்வொரு மாணவியும் தான் எந்த மண்ணில் நின்று படிக்கிறாள் என்பதை அறிந்துகொள்வாள். மாடிப் பூங்காவுக்குச் செல்பவர்கள் வெயில் தணிந்த மாலையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.