எங்கள் சென்டரில் எல்லோரும் வொரேஷியஸ் ரீடர்

அன்றைக்கு மதியம் 14 பேருக்கு ஆங்கிலம் பேசும் தேர்வுக்கான மாக் டெஸ்ட், அதாவது மாதிரித் தேர்வு, எடுத்தேன். “டூ யூ லைக் ரீடிங்?” என்று கேட்டதும் 11 பேர் மூச்சு விடாமல், “யெஸ், ஐ ஆம் எ வொரேஷியஸ் ரீடர்” என்றார்கள். அதில் மூன்று பேருக்கு அது ‘வொராசியஸ்’. ஒருவருக்கு ‘விராசியஸ்’. எவ்வளவு தின்றாலும் அடங்காத பசிக்குத்தான் வொரேஷியஸ் என்று பெயர். மதுரைக்காரர்களுக்கு அந்தப் பசி நிறையவே உண்டு. ஆனால் நான் பார்த்தவரை அது கறிதோசைக் கடைகளில்தான் தென்படும்.

சிரிக்கலாம்தான். ஆனால் அந்த வார்த்தையை அவர்களுக்கு ஊட்டிவிட்டதே நான்.

பைபாஸ் ரோட்டுப் பக்கம், கீழே மருந்துக் கடை, மாடியில் எங்கள் ஐஇஎல்டிஎஸ் கோச்சிங் சென்டர். வெளிநாடு போக நினைக்கிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு அது. வருகிறவர்களில் பாதிக்கு மேல் நர்சுகள். இங்கிலாந்தில் நர்சாகப் பதிவு செய்ய ஒன்பதுக்கு ரைட்டிங்கில் 6.5 போதும், லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் என்ற மற்ற மூன்றிலும் 7 வேண்டும். மிச்சப் பேர் கனடா கனவில் இருக்கும் ஐடி பையன்கள். தேர்வுக் கட்டணம் 17,000 ரூபாய்க்கு மேல். நைட் டியூட்டி முடித்து, கண் எரிய, டிபன் பாக்ஸோடு நேரே வகுப்புக்கு வருகிற பெண்ணிடம் “பேசப் பேசத் தானா வந்துடும்மா” என்று மட்டும் சொல்லி அனுப்ப மனசு வராது. கையில் எதையாவது கொடுக்க வேண்டும் போலிருக்கும். அப்படி உருவானதுதான் என் ஸ்பைரல் நோட்டு. 40 தலைப்பு, தலைப்புக்கு ஒரு பதில்.

ரீடிங் என்ற தலைப்பின் கீழ் நான் எழுதி வைத்திருந்த ஆள் இப்படி: காலையில் தி ஹிந்து தலையங்கம் படிப்பார். தூங்கப் போகும் முன் அரை மணி நேரம் ஆங்கில நாவல். பிடித்த புத்தகம், ராமேஸ்வரத்தில் பிறந்து ஜனாதிபதியான விஞ்ஞானியின் சுயசரிதை. நல்ல புத்தகம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஸ்பீக்கிங் சொல்லிக்கொடுக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள், அதைப் பற்றி அவர் காதில் எத்தனை முறை விழுந்திருக்கும் என்று. புத்தகத்தைத் தொட்டிராதவர்கூட உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார்.

ஸ்பீக்கிங் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம். எதிரே ஒரு எக்ஸாமினர், பேசுவதெல்லாம் ரெக்கார்டு ஆகும். முதல் நாலைந்து நிமிடம் வீடு, வேலை, ஊர், பொழுதுபோக்கு. “படிக்கப் பிடிக்குமா?” என்பது பெரும்பாலும் இங்கேதான் வரும். அப்புறம் பேச வேண்டிய தலைப்பு எழுதிய ஒரு க்யூ கார்டு. ஒரு தாளும் பென்சிலும் தந்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். கடைசியில் அதே விஷயத்தை ஒட்டி ஒரு உரையாடல். மார்க் நான்கு விஷயத்துக்கு: தடங்கலில்லாமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம பங்கு. எத்தனை புத்தகம் படித்திருக்கிறாய் என்பதற்கு மார்க் கிடையாது. இதையெல்லாம் முதல் நாளே போர்டில் எழுதிக் காட்டுவேன். மறுநாள் ஸ்பைரல் நோட்டைக் கொடுப்பேன். இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கிறது என்பது எனக்கு இரண்டு வருடம் உறைக்கவில்லை.

உறைக்க வைத்தது ஒரு போன். தேர்வு முடிந்து வெளியே நின்றபடி ஒரு பெண் பேசினாள். “புத்தகம்தான் சார் வந்துச்சு. எல்லாம் சரியாத்தான் சொன்னேன். முடிச்சதும், அதுல உங்களுக்குப் பிடிக்காத இடம் எதுன்னு கேட்டுட்டாங்க சார்.” பிடிக்காத இடம் என் நோட்டில் இல்லையே. ஸ்பீக்கிங்கில் 5.5 வந்தது.

மனப்பாடத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. யோசித்துப் பேசுகிறவரின் கண் மேலேயும் பக்கத்திலும் அலையும். ஒப்பிக்கிறவரின் கண் ஒரே இடத்தில் குத்தி நிற்கும், வேகம் ஏறாது இறங்காது. முற்றுப்புள்ளியில் மட்டும் மூச்சு வாங்குவார். இடையில் வேறொரு கேள்வி போட்டால் அந்த ஆங்கிலமே காணாமல் போய், அதே நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து பேசுவது போலிருக்கும். நாள் முழுக்க இதையே கேட்டுக்கொண்டிருக்கிற எக்ஸாமினருக்கு அது தெரியாமல் போகுமா?

இது நடந்து சில வாரம் கழித்து, பரமக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி மாக் டெஸ்ட்டுக்கு உட்கார்ந்தாள். தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் யூனிட்டில் ஆறு வருட அனுபவம். க்யூ கார்டு: நீங்கள் வழக்கமாகப் படிக்கும் செய்தித்தாள் அல்லது பத்திரிகை. “ஐ ரீட் தி ஹிந்து எவ்ரி டே” என்று தொடங்கினாள். 40 விநாடியில் வண்டி நின்றுவிட்டது. நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

“நிஜமாவே ஹிந்து படிப்பியாம்மா?”

“இல்ல சார்.”

“வேற என்ன படிப்ப?”

“படிக்கிறதெல்லாம் காலேஜோட முடிஞ்சுபோச்சு சார்.”

அந்தப் பதில் என்னைப் பிடித்து நிறுத்தியது. நமக்குப் படிப்பு என்றால் பட்டம். பெண் பார்க்கப் போன இடத்தில் “என்ன படிச்சிருக்கீங்க?” என்று கேட்டால் யாரும் நாவல் பெயர் சொல்வதில்லை. பரீட்சைக்குப் படிப்பதும் படிப்பதுதான், பஜ்ஜி மடித்து வந்த தாளைப் பிரித்துப் பார்ப்பதும் படிப்பதுதான் என்றாலும், இரண்டாவதைப் படிப்பென்று எந்த வீட்டில் மதிக்கிறார்கள்? வாசிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் அது புத்தகக் கண்காட்சி பேனரில் இருக்கும், வீட்டுப் பேச்சில் அவ்வளவாகப் புழங்காது. ஆக, “டூ யூ லைக் ரீடிங்?” என்பது இந்தப் பெண் காதில் “நீ நல்லாப் படிக்கிற பிள்ளையா?” என்று விழுகிறது. அதற்கு யார்தான் இல்லை என்று சொல்வார்கள்? “ஐ ஆம் ஸ்டடியிங் நியூஸ்பேப்பர்” என்று ஒருவரும், “ஐ ரீட் இன் கவர்மென்ட் ஸ்கூல்” என்று இன்னொருவரும் சொல்லும்போது, இலக்கணப் பிழை என்று வட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அதன் வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்ததில்லை.

“சரி, படிப்பை விடு. எழுத்துனு எதையாவது கண்ணால பார்ப்பியா?”

கொஞ்சம் யோசித்தாள். “எங்க யூனிட்ல ஒரு தாத்தாவுக்கு பேப்பர் வாசிச்சுக் காட்டுவேன் சார்.”

செவ்வாய், வெள்ளி காலையில் வருகிற தாத்தா. ஒரு முறைக்கு நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. ஒற்றைக் கையால் தினத்தந்தியை விரிக்க முடியாது, விரித்தாலும் சர்க்கரை நோயில் பார்வை போய்விட்டது. முதலில் அவருக்குக் கண்ணீர் அஞ்சலி விளம்பரங்கள் வேண்டும். பெயர், ஊரெல்லாம் அப்புறம். “வயசு என்ன போட்டிருக்கு?” என்பதுதான் முதல் கேள்வி. தன்னைவிட மூத்தவர் என்றால் “ம், சரி” என்பார். சின்னவர் என்றால் கொஞ்ச நேரம் பேச மாட்டார். அப்புறம் தங்கம் விலை. அப்புறம் பல பத்தாண்டுகளாக முடிவே இல்லாமல் ஓடும் படக்கதை. அதில் வசனத்தை மட்டும் வாசித்தால் விட மாட்டார், “படத்தையும் சொல்லு” என்பார். யார் எந்தப் பக்கம் நிற்கிறார், கையில் என்ன, முகம் எப்படி, எல்லாம் சொல்ல வேண்டும். நடுவில் மெஷின் அலாரம் அடித்து இவள் ஓடிவிட்டுத் திரும்பினால், எந்த வரியில் விட்டாள் என்று தாத்தா எடுத்துக் கொடுப்பார்.

தமிழில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். “இதையே இங்கிலீஷ்ல சொல்லு” என்றேன். “இதையா சார்?” என்று கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், யாராவது கேட்டுவிடுவார்களோ என்பது போல. சொன்னாள். “ஹி ஆஸ்க் மீ, ஹவ் ஓல்டு இஸ் தி டெட் மேன்.” காலங்கள் குழம்பின. ஆனால் கை பேசியது, கண் அலைந்தது, ஒரு வார்த்தை கிடைக்காத இடத்தில் சுற்றி வளைத்து இன்னொரு வழியில் போய்ச் சேர்ந்தாள். படக்கதைக்கு வரும்போது இரண்டு நிமிடம் ஆகிவிட்டது, நிறுத்தினேன். “முடிக்கலையே சார்” என்று முகம் சுருங்கியது. இரண்டு நிமிடத்தில் எக்ஸாமினர் நிறுத்தினால் மார்க் குறையாது, நேரம் முடிந்தது என்று மட்டும்தான் அர்த்தம் என்பதை இன்னொரு முறை சொன்னேன். இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

அந்த வாரம் நோட்டிலிருந்து ரீடிங் பக்கத்தைக் கிழித்தேன். மற்ற 39 பக்கமும் போக இன்னும் ஆறு மாதம் ஆனது, எனக்கும் தைரியம் வர வேண்டுமே. அவளுக்கு முதல் முறை ஸ்பீக்கிங்கில் 6.5, இரண்டாம் முறை 7. தேர்வில் தாத்தாவுக்கு வேலையே வரவில்லை. பிடித்த உடை ஒன்றைப் பற்றிப் பேசு என்று கார்டு வந்ததாம். அக்கா கல்யாணத்துக்கு எடுத்த, அளவு சரியில்லாத ஜாக்கெட்டைப் பற்றிப் பேசினேன் என்றாள்.

உண்மையைச் சொல்லச் சொன்னதிலும் ஒரு வினை இருந்தது. ஐடி பையன் ஒருவன், “சார், எனக்குப் படிக்கப் பிடிக்காது. நோ சொன்னா மார்க் போகுமா?” என்று கேட்டான். போகாது, ஏன் பிடிக்காது என்று இரண்டு வரி சேர்த்துச் சொல் என்றேன். “டு பி ஆனஸ்ட், நாட் ரியலி” என்று ஆரம்பித்து, மூன்றாம் பக்கம் வருவதற்குள் முதல் பக்கம் மறந்துவிடுகிறது, திருப்பிப் போய்ப் பார்த்தால் தூக்கம் வருகிறது என்று அழகாகச் சொன்னான். அடுத்த மாதம் பார்த்தால் அந்த பேட்ச் முழுக்க “டு பி ஆனஸ்ட், நாட் ரியலி”. நிஜமாகவே நிறையப் படிக்கிற ஒரு லைப்ரரி சயின்ஸ் பெண்கூட அதைத்தான் சொன்னாள்.

ஒரு நல்லது நடந்தது. முன்பெல்லாம் நூலகத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் எல்லோருடைய நூலகத்திலும் மரமும் கிளியும் அமைதியும் இருக்கும். 2023 ஜூலையில் புதுநத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு அந்தக் கிளிகள் பறந்துவிட்டன. நேரில் போனவர்கள் பேசினார்கள். ஏசிக்காகப் போகிறேன், என் லேப்டாப்பைத்தான் திறக்கிறேன், அங்கிருக்கும் புத்தகம் எதையும் தொட்டதில்லை என்று ஒருவன் சொன்னான். கேட்க நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் இடம் மாறி உட்காருவோம். அவர்கள் எக்ஸாமினர், நான் கேண்டிடேட். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, நான் கடைசியாக முழுசாகப் படித்த புத்தகம் எது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“வெல்... தட்ஸ் அன் இன்ட்ரஸ்டிங் கொஸ்டின்” என்றேன்.

வகுப்பே வெடித்துச் சிரித்தது. பதில் தெரியாதபோது நேரம் வாங்க நான் கற்றுக்கொடுத்த வரி அது. யோசித்துப் பார்த்தேன். ஒரு வருடமாக நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்ததெல்லாம் இவர்கள் எழுதிய ரைட்டிங் கட்டுரைகளைத்தான். கிராமமா நகரமா, டிவி நல்லதா கெட்டதா. அலமாரியில் பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு நாலைந்து புத்தகம் இருக்கிறது. அதில் ஒன்றின் பெயரைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது.

அவள் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த தாளையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தாள். “யூ ஹேவ் ஒன் மினிட், சார்.”