துவாலையில் தொடங்கிய போர்த்துக்கீசியம்

லிஸ்பனில் அல்ஃபாமா பகுதியின் மேட்டுச் சந்து ஒன்றில் மூன்றாவது மாடி அறை. குளிக்கப் போனபோதுதான் துவாலை வைக்கவில்லை என்று தெரிந்தது. கைப்பேசிச் செயலியில் ஒரு வாரமாகப் படித்த மொழியை நம்பி, வீட்டுக்காரம்மாவிடம் போய் "கேரு" என்று ஆரம்பித்தேன். 'எனக்கு வேண்டும்' என்று பொருள். இலக்கணப் பிழை இல்லை. ஆனால், அடம்பிடிக்கும் குழந்தை கேட்பதுபோல இருந்திருக்கும். அந்த அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, துவாலையைத் தருவதற்கு முன்னால் பாடம் நடத்தினார்.

"ப்ரிஸீஸு துமா துஆல்யா." எனக்கு ஒரு துவாலை தேவைப்படுகிறது.

எழுத்தில் 'ப்ரெசிஸோ தெ உமா தோஆல்யா' என்று நீளமாக இருப்பதை, லிஸ்பன்காரர்கள் பாதி உயிரெழுத்துகளை விழுங்கிவிட்டுச் சொல்கிறார்கள். அழுத்தம் விழாத 'ஓ' அவர்கள் வாயில் 'உ' ஆகிவிடுகிறது. அதனால்தான் நம் ஊரில் அது தோவாலை ஆகாமல் துவாலை ஆனதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மொழியறிஞர்கள் மன்னிக்க வேண்டும்.

இந்த 'தெ'யை மட்டும் விட்டுவிடக் கூடாது. 'ப்ரிஸீஸு' வந்தால் பின்னாலேயே 'தெ' வர வேண்டும். வினைச்சொல்லுக்கு முன்னால் பிரேசில்காரர்கள் அதை விட்டுவிடுவார்கள். போர்ச்சுகலில் அங்கும் விடுவதில்லை. காப்பிக்கடைக்கு இந்த 'ப்ரிஸீஸு' பொருந்தாது. அங்கே 'வேண்டியிருந்தது' என்று இறந்தகாலத்தில் பணிவாக, "க்ரீயா உமா பீக்கா" என்று கேட்க வேண்டும். பீக்கா என்றால் சின்னக் கோப்பையில் வரும் கடுங்காப்பி. "வேண்டியிருந்ததா? அப்படியென்றால் இப்போது வேண்டாமா?" என்பது அங்கே பரிமாறுபவர்களின் அரதப்பழசான நகைச்சுவை. என்னிடமும் சொன்னார்கள். இரண்டு முறை.

மறுநாள் தூறல். அந்த ஊர் நடைபாதைகளில் வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களைச் சிறிது சிறிதாக வெட்டிப் பதித்திருக்கிறார்கள். நனைந்தால் பாசி பிடித்த குளத்துப் படிக்கட்டுதான். விழுந்தேன், முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. பச்சைச் சிலுவை விளக்கு எரியும் மருந்துக்கடைக்குள் நொண்டியபடி நுழைந்து, "ப்ரிஸீஸு தெ..." என்று தொடங்கி, மிச்சத்துக்கு முழங்காலைக் காட்டினேன்.

"பென்ஸு ராப்பிது?" என்றார் கடைக்காரர்.

செயலி எனக்குக் கற்பித்திருந்த பாடத்தில் 'பென்ஸு' என்றால் 'நான் நினைக்கிறேன்'. 'ராப்பிது' என்றால் வேகமாக. ரத்தம் ஒழுகும்போது இவர் எதை வேகமாக நினைக்கிறார்? விழித்தேன். அவர் இழுப்பறையைத் திறந்து ஒட்டுப்பட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். பென்ஸு என்பது காயத்துக்குப் போடும் கட்டும்கூட. விரைவுக் கட்டுதான் அந்தப் பட்டி. நான் பெண் என்பதால் 'ஒப்ரிகாதா' என்று நன்றி சொன்னேன். ஆண் என்றால் 'ஒப்ரிகாது'.

1554ஆம் ஆண்டிலேயே இதே லிஸ்பனில், தமிழை ரோமன் எழுத்தில் போர்த்துக்கீசியத்தோடு சேர்த்து ஒரு சிறு சமய நூலாக அச்சிட்டார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு தமிழை எதிர்கொண்டவர்கள் எத்தனை முறை இப்படி விழித்தார்களோ!

காலை இழுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பினால், வாசற்கதவு பூட்டியிருந்தது. சாவி மேலே, என் கட்டிலில். தெருவில் நின்று அண்ணாந்து கத்தினேன்: "ப்ரிஸீஸு தெ ஷாவ்!" சாவியை அங்கே 'ஷாவ்' என்பார்கள். பழைய போர்த்துக்கீசியத்தில் அதன் முதலெழுத்து நம்முடைய 'ச்'சாகவே ஒலித்தது. வடக்கே சில ஊர்களில் இன்றும் அப்படித்தான்.

மூன்றாவது மாடி ஜன்னல் திறந்தது. வீட்டுக்காரம்மா தலையை நீட்டினார்.

"தா ஷாவ், ஃபில்யா! தா! தா!"

மகளே, 'தெ' இல்லை, 'தா' என்கிறார். குறிப்பிட்ட ஒரு சாவியைக் கேட்டால் 'தெ'யும் பெண்பால் 'அ'வும் சேர்ந்து 'தா' ஆகிவிடுமாம். தூறலில் நின்றபடி மூன்று முறை திருத்திச் சொன்ன பிறகுதான், பழைய காலுறை ஒன்றில் போட்டு முடிந்த சாவி மேலிருந்து வந்து விழுந்தது.