ஒரு ‘உண்டானால்’

போன மாதம் வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். யார் வீட்டில் கூட்டமோ அந்த வீட்டுக்காரர்தான் வேதபாகம் வாசித்து நாலு வார்த்தை பேச வேண்டும், சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் குழுவின் வழக்கம் அது. எனக்குப் பேச்சு வராது. அதனால் இருப்பதிலேயே சின்னதாக ஒன்றைத் தேடி, புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலன் பவுல் பிலேமோனுக்கு எழுதின நிருபத்தைப் பிடித்தேன். மொத்தமே 25 வசனம். கிரேக்கத்தில் 335 சொல்தானாம், பழைய இன்லண்ட் லெட்டரில் பொடி எழுத்தில் எழுதினால் அடங்கிவிடும். மன்னிப்பு, ஒப்புரவு என்று பத்து நிமிடம் பேசிவிட்டு, சுண்டலைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று திட்டம்.

உட்கார்ந்து வாசித்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கடிதத்தில் ‘மன்னியும்’ என்ற சொல்லே இல்லை. அவசரத்தில் விட்டுவிட்டேனோ என்று விரல் வைத்து மறுபடி வாசித்தேன். இல்லவே இல்லை. பவுல் யாருக்காக எழுதினாரோ அந்த ஒநேசிமு அழுதான், வருந்தினான், இனிமேல் செய்யமாட்டான் என்றும் ஒரு வரி கிடையாது. இத்தனை வருஷமாக இதை மன்னிப்புக் கடிதம் என்றுதானே கேட்டு வந்திருக்கிறேன்?

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பிலேமோன் வசதியானவர், கொலோசெ ஊர், இன்றைய துருக்கியில் தெனிஸ்லிக்குப் பக்கம். சபை அவர் வீட்டில்தான் கூடும். ஒநேசிமு அவருடைய அடிமை. அவன் எப்படியோ சிறையில் இருக்கிற பவுலிடம் வந்து சேர்கிறான், விசுவாசியாகிறான். பவுல் அவனை எஜமானிடமே திருப்பி அனுப்புகிறார், கூடவே இந்தக் கடிதம். அந்தச் சிறை ரோமாவா, எபேசுவா என்று அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு ஓடுகிறது. ஓடட்டும்.

என் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையில் வளர்ந்ததாலோ என்னவோ, பவுல் பொடி வைத்துப் பேசுகிற விதம்தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. அரும்பையும் வளையத்தையும் ஒட்டவைக்க நடுவில் பொடி வைத்து நெருப்பை ஊதுவார்கள், பொடி உருகி ஓடும், ஆறி மெருகு போட்ட பிறகு எது எங்கே ஒட்டியது என்றே தெரியாது. பவுலும் அப்படித்தான் ஊதுகிறார். உமக்குக் கட்டளையிட எனக்குத் துணிச்சல் உண்டு, ஆனாலும் அன்பினால் கேட்கிறேன் என்கிறார். நான் வயசானவன், போதாததற்குச் சிறையில் கிடக்கிறேன் என்கிறார். நீர் உம்மையே எனக்குக் கடன்பட்டிருக்கிறீர், அதை நான் சொல்லவேண்டியதில்லை என்று சொல்லியே விடுகிறார்! கடைசியில், எனக்குத் தங்க ஓர் இடம் தயார் பண்ணி வையும், அதாவது நேரில் வந்து பார்ப்பேன். இத்தனையும் பிலேமோனுக்கு மட்டும் எழுதவில்லை. அப்பியாள், அர்க்கிப்பு, வீட்டில் கூடுகிற சபை எல்லாருக்கும் சேர்த்துத்தான் முதல் வரியிலேயே விலாசம் போடுகிறார். கூட்டத்தில் வைத்து வாசிக்கிற கடிதம். சுற்றி உட்கார்ந்து அத்தனை பேரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முடியாது என்று சொல்வாரா மனுஷன்?

அப்புறம் அந்த வரி. ‘அவன் உமக்கு அநியாயஞ்செய்ததும், உம்மிடத்தில் கடன்பட்டதும் உண்டானால், அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்.’ இதை என் சொந்தக் கையாலேயே எழுதுகிறேன், நான் செலுத்தித் தீர்ப்பேன் என்று அடுத்த வரி. அந்தக் காலத்தில் ஒருவர் சொல்லச் சொல்ல எழுத்தர்தான் எழுதுவார். சொந்தக் கை என்றால் நம்மூர் புரோநோட்டில் ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போட்ட மாதிரி.

இதை வாசித்ததும் எனக்கு ஏற்காட்டு மாமா ஞாபகம் வந்துவிட்டது.

பட்டறை நடக்கிற விதத்தைச் சொன்னால்தான் இது புரியும். காலையில் அப்பா வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார், கொலுசாகித் திரும்பி வரும்போது மறுபடி எடை. உருக்கும்போது கொஞ்சம் போகும், அரத்தில் ராவும்போது கொஞ்சம், மெருகில் கொஞ்சம். அதற்காகச் சேதாரம் என்று கிலோவுக்கு இத்தனை கிராம் கழித்துவிடுவார்கள். அதற்கு மேல் குறைந்தால் வேலை செய்தவர் தலையில். பட்டறை கூட்டின குப்பையைக்கூட நாங்கள் வீசமாட்டோம், மண்ணைக் கழுவி வெள்ளி எடுக்கிறவர்கள் வந்து காசு கொடுத்து வாங்கிப் போவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கணக்கு நோட்டுதான் எல்லாம். எங்கள் நோட்டு தராசுக்கு மேலே ஆணியில் சணல் கட்டித் தொங்கும், ஓரமெல்லாம் மெருகுக் கறுப்பு.

1998இல் பற்றவைப்பு வேலை பார்த்த அண்ணன் ஒருவர் பேரில் 460 கிராம் பாக்கி ஏறியிருந்தது, போதாததற்கு முன்பணமும் வாங்கியிருந்தார். ஒருநாள் அப்பா எல்லார் முன்னாலும் கேட்டார். என்ன சொல்லிக் கேட்டார் என்று இங்கே எழுத விருப்பமில்லை. மறுநாள் காலை அண்ணனும் இல்லை, வாடகை வீட்டில் அவர் குடும்பமும் இல்லை. தெரு முழுக்க ‘வெள்ளிய எடுத்துக்கிட்டு ஓடிட்டான்’ என்று பேச்சு. நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னேன்.

மூன்று வருஷம் கழித்து, காப்பிப் பழம் பறிக்கிற சீசனில், அம்மாவின் தம்பி அவரை ஏற்காட்டில் பார்த்திருக்கிறார். மாமா அங்கே ஒரு தோட்டத்தில் செக்ரோல், அதாவது வேலையாட்களின் வருகைப் பதிவு, எழுதிக்கொண்டிருந்தவர், ஆள் கணக்கு எடுக்கும்போது சில்வர் ஓக் மரத்தடியில் சாக்கோடு நிற்கிறார் நம் அண்ணன். மாமா போன் எதுவும் பண்ணவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அவரைக் கூட்டிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்துவிட்டார். அண்ணனுக்கு வழியெல்லாம் வாந்தி, எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது சட்டையெல்லாம் நனைந்து, ஒருமாதிரி பச்சையாக நின்றார். நாங்கள் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம்.

மாமா உட்காரவே இல்லை. ஆணியிலிருந்து நோட்டை எடுத்து, அப்பாவின் சட்டைப் பையில் இருந்த பேனாவையும் உருவி, “மச்சான், இவன் பாக்கிய என் பேருல எழுதிக்கிறேன். மாசம் முந்நூறு தந்துருவேன்” என்று சொல்லிவிட்டு அவரே எழுதினார். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அண்ணனைப் பார்த்து, “போய் மூஞ்சி கழுவிட்டு வா, இட்லி ஆறுது” என்றார். அவ்வளவுதான். மன்னிச்சுட்டேன் என்று அவரும் சொல்லவில்லை, மன்னிச்சுக்கங்க என்று இவரும் கேட்கவில்லை. 2009இல் பட்டறையை மூடுகிற வரைக்கும் அண்ணன் எங்களோடுதான் இருந்தார். ஆனால் அவர் கொண்டுவருகிற சரக்கை மட்டும் அப்பா இரண்டு தடவை எடை போடுவார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜெபக்கூட்டத்துக்குத் தோதான சாட்சி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எதற்கும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்துகொள்வோம் என்று தேடினபோது பிளினியின் கடிதம் கண்ணில் பட்டது. பவுலுக்குப் பின் ஐம்பது அறுபது வருஷத்துக்குள் எழுதப்பட்டது, பிளினி ஒரு ரோமப் பெரிய மனுஷர். சபினியானுஸ் என்ற நண்பரின் கோபத்துக்கு ஆளான ஒருவன், விடுதலை பெற்ற அடிமை, பிளினியின் காலில் வந்து விழுகிறான். பிளினி சிபாரிசு எழுதுகிறார்: அழுதான், கெஞ்சினான், உண்மையாகவே திருந்திவிட்டான், நானும் நன்றாகத் திட்டிவிட்டேன், உமக்குக் கோபம் வந்தது நியாயம்தான், ஆனாலும் அவன் வயதையும் கண்ணீரையும் பார்த்து விட்டுவிடும். சபினியானுஸ் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லி இன்னொரு கடிதமும் இருக்கிறது. நல்ல மனுஷர்தான். ஆனால் இதை வாசித்துவிட்டுப் பவுலிடம் திரும்பினால் வித்தியாசம் முகத்தில் அடிக்கிறது. பவுல் ஒநேசிமுவின் கண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. உமக்குக் கோபம் நியாயம் என்றும் சொல்லவில்லை. ‘உண்டானால்’ என்கிறார்.

அந்த ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டேன். ஒநேசிமு திருடினான் என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை. ஓடிவந்தான் என்றுகூட நேராக இல்லை, ‘கொஞ்சக்காலம் பிரிந்துபோனான்’ என்றுதான் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டுக் கடைசியில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற பேர்பெற்ற பிரசங்கியார் இந்த நிருபத்துக்கு விளக்கம் சொன்னபோது, எஜமானிடம் ஏதோ திருடிக்கொண்டு ஓடிவந்தவன் என்று ஆரம்பிக்கிறார், நம் ஞாயிறு பள்ளி வரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது. ‘உண்டானால்’ என்பதை ‘உண்டு’ என்று வாசித்துவிட்டோம்.

ஏன் அப்படி வாசிக்கிறோம் என்றால், கதையை எஜமான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறோம், வேறென்ன? ரோமில் ஓர் இரும்புக் கழுத்து வளையம் கிடைத்திருக்கிறது, பவுலுக்கு முந்நூறு வருஷமாவது பிந்தியது, அதில் தொங்குகிற தகட்டில் லத்தீனில், நான் ஓடிவிட்டேன், என்னைப் பிடி, என் எஜமான் ஸோனினுஸிடம் திருப்பிக் கொடுத்தால் உனக்கு ஒரு பொற்காசு என்று வெட்டியிருக்கிறார்கள். தகட்டில் எழுத்து வெட்டுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான், அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு வெள்ளைக்காரப் போதகர் அடிமைகளைக் கூட்டி வைத்து இதே நிருபத்தை எடுத்துப் பிரசங்கம் பண்ணினாராம், ஓடிப்போவது தப்பு என்று. பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது, மீதிப் பேரில் சிலர் அப்படி ஒரு நிருபம் வேதத்திலேயே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவரே எழுதி வைத்திருக்கிறார். எழுந்து போனவர்கள்மேல் எனக்கு ஒரு மரியாதை.

பவுலிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அடிமையாக அல்ல, அடிமைக்கு மேலாகப் பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள்ளும் என்கிறார், சரி, நான் சொல்வதற்கு மேலாகவே செய்வீர் என்றும் தட்டிக்கொடுக்கிறார். அவனை விடுதலை செய்யும் என்று நாலு எழுத்து எழுதியிருக்கக் கூடாதா?

ஜெபக்கூட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி, மாமாவின் கையெழுத்தை எல்லாருக்கும் காட்டலாமே என்று பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கி நோட்டைத் தேடினேன். கிடைத்தது. அப்பா போன பிறகு யாரும் தொடாதது. மாமா எழுதின பக்கத்தைப் பார்த்துவிட்டு, சும்மா முன்பக்கங்களைப் புரட்டினேன். கொடுத்தது, வந்தது, சேதம், பாக்கி என்று நாலு கட்டம், அப்பாவின் சாய்ந்த எழுத்து. 1997 நடு வரைக்கும் சேதக் கட்டத்தில் கிலோவுக்கு 15 கிராம் கழித்திருக்கிறது. அதற்கப்புறம் 10. அண்ணனுக்கு மட்டும்தான். மற்ற மூன்று பேருக்கும் 15 அப்படியே இருக்கிறது. அதே வருஷம் அவர் கூலி உயர்த்திக் கேட்டார் என்று அம்மா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது.

கால்குலேட்டரை எடுத்தேன். எட்டு மாதம், மாதம் ஏறக்குறைய எட்டு கிலோ, 64 கிலோ. கிலோவுக்கு ஐந்து கிராம். 320.

தினமும் ராத்திரி எங்களை உட்கார வைத்து வேதம் வாசித்த மனுஷர். அப்பா தெரிந்தே செய்தாரா, கோபத்தில் ஒரு மாதம் குறைத்துவிட்டுப் பிறகு அதுவே பழக்கமாகிவிட்டதா என்று இனிமேல் யாரைக் கேட்பது.

ஜெபக்கூட்டத்தில் நோட்டைக் காட்டவில்லை. பொடி, பயனுள்ளவன் என்று அர்த்தம் வருகிற ஒநேசிமுவின் பெயர் என்று ஏதோ பேசி முடித்தேன். நன்றாக இருந்தது என்றார்கள்.

அடுத்த வாரம் சிவதாபுரத்துக்குப் போனேன். அண்ணன் இப்போது வீட்டு முன்னறையிலேயே பற்றவைப்பு வைத்திருக்கிறார், கண்ணாடி போட்டுவிட்டார், பேரப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சலங்கை மணிகளைக் கிண்ணத்தில் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தது. நோட்டை விரித்துக் காட்டினேன். 320 கிராம் எங்க வீட்டுத் தப்பு அண்ணா என்று சொல்லிவிட்டேன், எப்படிச் சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கட்டம் கட்டமாக விரலை ஓட்டினார். பத்துக்கு மேலே விரல் நின்றது.

“இது எனக்கு அன்னிக்கே தெரியும்ங்க தம்பி” என்றார். “மீதி நூத்திநாப்பது இருக்குல்ல, அது நான் எடுத்தேன். கோபத்துலதான்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நோட்டைத் திருப்பி மாமா எழுதின பக்கத்துக்கு வந்தார். மாமா 2003 வரைக்கும் மாதம் முந்நூறு அனுப்பியிருக்கிறார், ஒவ்வொன்றுக்கும் அப்பா டிக் போட்டிருக்கிறார்.

“அப்படின்னா உங்க வீடுதான் மாமாவுக்குப் பாக்கி” என்று சிரித்தார். “எப்ப மேல போறீங்க? நானும் வரேன். இப்பல்லாம் எனக்கு வாந்தி வர்றதில்ல.”