பேஸ் இல்லாத சத்தம்: க்ராம்ப்ஸ் பாணி ரெக்கார்டிங்கை வீட்டில் செய்து பார்த்தது

நியூயார்க்கின் தி க்ராம்ப்ஸ் பேண்டுடைய முதல் ரெக்கார்டுகளில், கீழ்ஸ்தாயி வாசிக்கும் பேஸ் கிதாரே கிடையாது. பாய்சன் ஐவி, பிரையன் கிரெகரி இருவரின் கிதார், நிக் நாக்ஸின் ட்ரம்ஸ், லக்ஸ் இன்டீரியரின் குரல், அவ்வளவுதான். 1977-ல் மெம்ஃபிஸுக்குப் போய் ஆர்டென்ட் ஸ்டுடியோவில் அலெக்ஸ் சில்டன் தயாரிப்பில் பதிவு செய்தார்கள். அதிலிருந்து 1978-ல் சொந்த லேபிளில், பக்கத்துக்கு ஒரு பாட்டாக, இரண்டு சிங்கிள்கள் வந்தன. அடுத்த வருஷம் அந்த நாலு பாட்டோடு இன்னொன்றையும் சேர்த்து ஒரு இபி, அதாவது ஆல்பத்தைவிடச் சின்ன ரெக்கார்டு. சைக்கோபில்லி (1950களின் ராக் அண்ட் ரோல் வகையான ராக்கபில்லியோடு பங்க் கலந்த இசை) பிடித்தவர்கள் இன்றைக்கும் திரும்பத் திரும்பப் போய் நிற்பது இந்த ஐந்து பாட்டில்தான்.

அதில் ஒன்றான 'ஹ்யூமன் ஃப்ளை'யை ஹெட்போனில் கேளுங்கள். ஐவியின் கிதார் அடிக் கம்பிகளில் அவசரமில்லாமல் நகர்கிறது. அதன்மேல் கிரெகரியின் ஃபஸ், அதாவது வேண்டுமென்றே சிதைத்த கிதார் சத்தம், இரைகிறது. ட்ரம்ஸில் அலங்காரமே இல்லை. ஒவ்வொரு வாத்தியத்தைச் சுற்றியும் காலி இடம் இருக்கிறது, அந்த இடம்தான் பயமுறுத்துகிறது. பாட்டை அப்படியே காப்பியடிக்க எனக்கு ஆசையில்லை. இந்த வெற்றிடத்தை எப்படி உண்டாக்கினார்கள் என்பதைக் கையால் செய்து தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான் இந்த முயற்சி. சொந்தமாக ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன கிதார் துணுக்கு) போட்டுக்கொண்டு, இன்னொரு கிதார்காரரையும் ட்ரம்ஸ் வாசிக்கும் நண்பனையும் கூப்பிட்டேன்.

"பேஸ் இல்லாம அடிச்சா மொட்டையா இருக்கும்டா" என்றான் ட்ரம்ஸ்காரன்.

ஒப்பிட்டுப் பார்க்க முதலில் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாக எடுத்தோம். சுத்தமாக வந்தது. அவன் சொன்ன மாதிரி மொட்டையாகவும் இருந்தது. சரி என்று ஒரு பேஸ் ட்ராக்கைச் சேர்த்தால் மொட்டைத்தனம் போனது, கூடவே ஃபஸ்ஸும் செத்தது. ஃபஸ் கிதாரின் கீழ்ப்பாதி முழுக்க பேஸ் வந்து உட்கார்ந்துவிட்டது, மேலே கீச்சென்று ஒரு ஓரம்தான் மிச்சம். அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது: இந்த ரெக்கார்டுகளில் பேஸ் செய்ய வேண்டிய வேலையை ஃபஸ் கிதார் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து இருக்க இடமில்லை.

அப்புறம் மூன்று பேரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசித்தோம். ட்ரம்ஸுக்கு எதிரே ஒரு மைக், இரண்டு ஆம்புக்கும் நடுவில் ஒரு மைக், அவ்வளவே. கேட்டதும் மூவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் கிதாரின் ஆறாவது கம்பியைத் தட்டும் ஒவ்வொரு முறையும், யாரும் தொடாமலே, ட்ரம்ஸில் ஸ்நேர் என்கிற சின்ன மேளத்தின் அடியில் இருக்கும் கம்பிகள் 'ஸ்ர்ர்' என்று அதிர்ந்து மைக்கில் விழுந்திருந்தன. முறையான ரெக்கார்டிங்கில் டேப் ஒட்டியோ ஸ்நேரைத் தளர்த்தியோ இதைப் போக்கிவிடுவார்கள். இங்கே அந்த அதிர்வுதான் கிதாரையும் ட்ரம்ஸையும் ஒட்டவைக்கிற பசை. அதை அப்படியே விட்டோம். மொட்டை என்று சொன்னவனே கடைசியில் "இதுல கை வைக்காத" என்றான்.

அடுத்தது எக்கோ. இதற்குத்தான் அதிக நேரம் செலவழித்தேன், அதிக சந்தோஷமும் இதில்தான். 1950களில் மெம்ஃபிஸ் தயாரிப்பாளர் சாம் ஃபிலிப்ஸ் தன் சன் ஸ்டுடியோவில் இரண்டாவது டேப் மெஷினை வைத்து உண்டாக்கிய ஸ்லாப்பேக், அதாவது ஒரே ஒரு முறை சட்டென்று திரும்பி வரும் எக்கோ, ராக்கபில்லிக்கே அடையாளம். க்ராம்ப்ஸ் தங்கள் முதல் முழு ஆல்பத்துக்கு அதே ஃபிலிப்ஸ் பின்னாளில் கட்டிய ஸ்டுடியோவுக்கே போனார்கள். ஆர்டென்ட் இருக்கும் மேடிசன் அவென்யூவிலேயேதான் அதுவும் இருக்கிறது. அங்கேயும் தயாரிப்பு சில்டன்தான். ஆல்பம் வந்தது 1980-ல்.

என்னிடம் மூன்று ஹெட் உள்ள பழைய ஸ்பூல் ரெக்கார்டர் இருக்கிறது. ரெக்கார்ட் ஹெட் பதிந்ததை, டேப் கொஞ்சம் நகர்ந்த பிறகு ப்ளே ஹெட் படிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 3 செ.மீ. நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் ஓடவிட்டால் எக்கோ சுமார் 160 மில்லிசெகண்ட் தள்ளி வரும். வேகத்தைப் பாதியாக்கினால் 320. அது அடுத்த பீட்டில் போய் முட்டிக்கொண்டு குழப்பியது. 19-தான் சரி. ஃபோன் ஆப்பிலும் இதே 160 வைத்துப் பார்த்தேன். நேரம் ஒன்றுதான், ஆனால் டேப்பில் திரும்பி வரும் சத்தம் கொஞ்சம் மங்கி, லேசாக ஆடிக்கொண்டே வருகிறது. அசல் முன்னால் நிற்க, எக்கோ பின்னால் நிற்கிறது. ஆப்பில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன.

இந்தக் கரடுமுரடு ரசிகர்களை ஏன் இப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கு இன்னொரு சாட்சி, 1978 ஜூன் 13 அன்று கலிஃபோர்னியாவில் நாப்பா அரசு மனநல மருத்துவமனையில் நோயாளிகளுக்காக க்ராம்ப்ஸ் வாசித்தது. கறுப்பு வெள்ளை வீடியோ, சத்தம் நசுங்கிப் போயிருக்கும். நோயாளிகள் மேடையேறி ஆடுகிறார்கள், மைக்கில் கத்துகிறார்கள், லக்ஸ் அவர்களோடு சேர்ந்து பாடுகிறார். அதைவிட உயிருள்ள ராக் நிகழ்ச்சிப் பதிவை நான் கேட்டதில்லை. எது பாட்டு, எது கூட்டம் என்று பிரிக்க முடியாது, பிரித்திருந்தால் பாழாகியிருக்கும். 2004-ல் வந்த க்ராம்ப்ஸின் இரட்டை சிடித் தொகுப்பு ஒன்றில் 1976 ரிஹர்சல் துண்டுகளும் இருக்கின்றன. தடுமாறித் தடுமாறிப் பாட்டு உருவாவதைப் பக்கத்தில் நின்று கேட்கிற மாதிரி இருக்கும். லக்ஸ் 2009-ல் போய்ச் சேர்ந்துவிட்டார், கிரெகரியும் இல்லை. ஆனாலும் அந்த ரிஹர்சலைப் போட்டால் அவர்கள் ஓர் அறையில் இருக்கிறார்கள்.

1980-ல் லண்டனில் தொடங்கிய தி மீட்டியார்ஸ் இதற்கு நேர் எதிர்ப் பக்கம் போனது. ஆளுயர டபுள் பேஸின் கம்பியை இழுத்துவிட்டு, பலகையில் அறைய விடுகிற ஸ்லாப் வாசிப்பு. சைக்கோபில்லி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அந்தச் சத்தம்தான். எனக்கும் பிடிக்கும். ஆனால் இப்போதைக்கு வெற்றிடத்தின் பக்கமே நிற்கிறேன்.

கிதாரும் ட்ரம்ஸும் இப்போது திருப்தி. பாக்கி இருப்பது குரல். லக்ஸ் விக்கலும் மூச்சுமாக மைக்கை விழுங்குகிற மாதிரி பாடுவார், அதற்கு எக்கோ எவ்வளவு கலப்பது என்று இன்னும் பிடிபடவில்லை. குரலையும் அதே அறையில், ட்ரம்ஸ் அடிக்கும்போதே எடுக்கப் போகிறோம். ஸ்நேர் கம்பிகளைக் கழற்றாமல்தான்.